புதன்கிழமை, டயர்க் கடைக்கு மேலே

பாகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
டயர்க் கடை மாடியில் என் அறை.
நாற்காலிகள் இரண்டு. என்னுடையது உயரமாக இருந்தது,
கால்களை நானே அறுத்துச் சமமாக்கினேன்.
கீழே காற்றுத் துப்பாக்கி நட்டுகளைக் கழற்றும்போது
மேலே பேச்சு நின்றுபோகும்.
முதல் வருடம் அதைச் சபித்தேன்.
இப்போது அதுதான் என் உதவியாள்:
நான் வாய் திறக்க முடியாத
ஒன்பது விநாடி தருகிறது.

நவநீதன் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறவர்.
தோட்டத்திலிருந்து ஆலைக்கு,
ஆலையிலிருந்து தோட்டத்துக்கு.
காய்ப்பு மிகுந்த மாதங்களில் இரவு என்று ஒன்று கிடையாது.
சாபு இழுத்தால் தூக்கம் எட்டி நிற்கும்.
முதலில் வேலைக்காக அது.
பிறகு அதற்காக வேலை.

முதல் நாள், "புரிகிறது" என்றேன்.
"நீங்க எந்த லோரி ஓட்டுனீங்க, டீச்சர்?"
கீழே சிமெண்டில் ஒரு நட்டு விழுந்து
உருண்டு ஓய்ந்தது வரை கேட்டது.
"புரியவில்லை. சொல்லுங்கள்" என்றேன்.
படித்த சான்றிதழ் சுவரில் தொங்கியது.
வேலையை அன்றுதான் தொடங்கினேன்.

ஏன் என்று கேட்பதில்லை இப்போது.
ஏன் என்பது போலீஸ்காரர் கேட்பது,
மாமியார் கேட்பது,
விடிகாலை மூன்று மணிக்கு லோரியின் பக்கக் கண்ணாடி கேட்பது.
அதற்கான பதில்கள் அவரிடம் நிறைய உண்டு,
பழைய டயர் போல் வழவழவென்று தேய்ந்து.
"கடைசியாக நன்றாகத் தூங்கிய இரவைச் சொல்லுங்கள்."
தேடினார். விரல் விட்டு எண்ணினார்.
தீபாவளிக்கு முந்தி என்றார்.
எந்தத் தீபாவளி என்று தெரியவில்லை.

விட்டுவிட முடியும் என்ற நம்பிக்கை பத்துக்கு எத்தனை?
"மூணு."
ஏழு எங்கே போனது என்று கேட்க
நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டேன்.
"ஒன்று என்று சொல்லவில்லையே.
மேலே இரண்டு எங்கிருந்து வந்தது?"
வெகுநேரம்.
"தர்ஷாயினி மழைக்கோட்ட மறந்துட்டுப் போயிட்டா.
ஸ்கூல்ல கொண்டுபோய்க் குடுத்தேன்.
'அப்பாவா?'ன்னு வாசல்ல கேட்டாங்க.
ஆமான்னேன்."
"ஆமான்னீங்க."
வேறொன்றும் சொல்லவில்லை நான்.
அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

நாற்பத்தோராவது நாள் வரவில்லை.
அடுத்த புதனும்.
கஸ்தூரிமலர் போனில் வெடித்தார்:
"அவரோட என்னதான் பேசுறீங்க நீங்க?"
பேசாமல் இருக்கத்தான் பாடுபடுகிறேன் அம்மா என்று
சம்பளம் வாங்குகிறவள் எப்படிச் சொல்வது?

அன்றிரவு தமிழ்ப்பள்ளி இலக்கணம் வந்து உட்கார்ந்தது.
திருந்து, திருத்து.
தேறு, தேற்று.
தன்வினை, பிறவினை.
ஓர் எழுத்து வலித்தால் போதும்,
வினை என் கைக்கு வந்துவிடுகிறது.
அந்த வல்லினத்தின் மேல்
எனக்கு எவ்வளவு ஆசை.

மூன்றாவது புதன் வந்தார், மழையில் ஊறி.
கதவுக்கு வெளியே நின்றபடி,
"இழுத்துட்டேன். நாலு நாள். திட்டுங்க டீச்சர்."
திட்டு வாங்கினால் பழைய கடன் தீரும்.
தீர்ந்தால் புதிதாய்க் கடன் வாங்கலாம்.
அந்தக் கடையை நான் திறக்கவில்லை.
துண்டை நீட்டினேன்.
"ஐந்தாவது நாள் என்ன செய்தீர்கள்?"

கீழே துப்பாக்கி முடுக்கியது.
ஒன்பது விநாடி.

"தவுக்கேகிட்ட சாவியக் குடுத்துட்டேன்.
ராத்திரி ஓட்டம் வேணாம்னு."
மாதம் அறுநூறு வெள்ளி குறையும்.
அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று
ஆறு மணிவரை பேசினோம்.
அவர் கஸ்தூரிமலராக நடித்தார், நான் அவராக;
நன்றாகவே திட்டு வாங்கினேன்.
பத்துக்கு எத்தனை என்று கேட்க மறந்துபோனது.

படியில் இரண்டு இறங்கித் திரும்பினார்.
"உங்க நாற்காலி ஆடுது டீச்சர்.
வந்த நாள்லேர்ந்து பாக்குறேன், ஒரு கால் குட்டை.
அடுத்த புதன் ரப்பர் துண்டு வெட்டிக் கொண்டாறேன்."