குளிர்த்தொட்டிப் பதிவேடு

காலை ஆறு பத்து. நவம்பர் கடைசி.
விடிய இன்னும் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது
இந்த ஐஸ்லாந்து மீன்பிடி ஊரில்.
வெந்நீர்த் தொட்டியின் ஆவி
விளக்குக் கம்பத்தைக் கழுத்துவரை விழுங்கி நிற்கிறது.

குப்பியைக் கவிழ்த்துப் பிடித்து
முழங்கை ஆழம் இறக்கி
அங்கேதான் நிமிர்த்த வேண்டும்.
மேல்தண்ணீர் பொய் சொல்லும்.
மாத்திரையை விரல் படாமல் நசுக்கிப் போட்டால்
வெந்த இறால் ஓட்டின் நிறத்துக்கு
மெல்லச் சிவக்கும் நீர்.
எவ்வளவு சிவப்போ அவ்வளவு குளோரின்.

குளியலறைச் சுவரில் ஒரு மனிதப் படம்:
தலை, அக்குள், இடுக்கு, பாதம்,
நான்கிலும் சிவப்பு வட்டம்.
சோப்புப் போட்டு, அம்மணமாய், முதலில் அங்கே.
நேற்று ஒரு சுற்றுலாப் பயணி
உடுத்திய நீச்சலுடையோடு
தீர்த்தம் தெளித்துக்கொள்வதுபோல்
உச்சந்தலையில் நாலு சொட்டு விட்டுக்கொண்டு
நழுவப் பார்த்தார்.
திருப்பி அனுப்பினேன்.
அனுப்பும் தகுதி எனக்கு உண்டா என்பது வேறு கதை.

மூன்று வாரம் முன்பு
சுகாதார ஆய்வாளர் ஸ்டெய்ன்வோர் வந்தார்.
வடிகட்டியைப் பார்த்தார், பம்ப்பைத் தடவினார்,
ஆழப் பக்கத்து ஓரத்தில் குனிந்து
அடியில் உள்ள வடிகால் துளைகளை எண்ணினார்.
கடைசியாகப் பதிவேடு.
அக்டோபர் பதினான்கு முதல் பத்தொன்பது வரை
குளிர்த்தொட்டி, மதியம் இரண்டு மணி:
ஒன்று புள்ளி பூஜ்யம்
ஒன்று புள்ளி பூஜ்யம்
ஒன்று புள்ளி பூஜ்யம்.
"கேத்தில்,
தண்ணீர் இவ்வளவு நல்ல பிள்ளையாக இருக்காதே" என்றார்.

அந்த வாரம் மாத்திரை தீர்ந்திருந்தது.
கணவாயில் பனி, லாரி வரவில்லை.
தொட்டியை மூடியிருக்கலாம்தான்.
மூடினால் ஹ்ரோல்ஃபூர் எங்கே போவார்?
நாற்பது வருடம் காட் மீன் பிடித்தவர்,
மனைவி போனபின்
நாலு டிகிரித் தண்ணீரில் கழுத்தளவு இருக்கும்போது மட்டும்
வாய் திறக்கிறவர்.
"இந்தக் குளிரில் கிருமி எங்கேடா பிழைக்கும்" என்பார்.
சாகாது, உறங்கும் என்று பயிற்சியில் சொன்னார்கள்.
அவரிடம் நான் சொன்னதில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள்.
நான் தொட்டியில் போட்டதையே அளக்கவில்லை.

"யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே."
"ஆகவில்லை என்று அளந்தாயா?"

அழிக்கக் கூடாது என்றார்.
படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு,
பக்கத்தில் உண்மை, கீழே கையெழுத்து.
ஆறு கோடு போட்டேன்.
அளக்கவில்லை. அளக்கவில்லை. அளக்கவில்லை.
நாலாவதில் பேனா உறைந்து நின்றது.
வாயால் ஊதிச் சூடாக்கி எழுதினேன்.

தொட்டியை வடித்துத் தேய்த்து நிரப்ப மூன்று நாள்.
அறிவிப்புப் பலகையில் அந்தப் பக்கத்தின் நகல்.
ஹ்ரோல்ஃபூர் ஈரத் தலையோடு நின்று
மூக்குக் கண்ணாடி இல்லாமல்
காகிதத்தை முட்டுவதுபோல் படித்தார்.
"படகில் நானும் ஏடு எழுதியவன்.
அடிக்காத காற்றை அடித்ததாக எழுதியதில்லை."
கொஞ்சம் நேரம் கழித்து:
"அந்த ஆறு நாளும்
நான் எதற்குள் உட்கார்ந்திருந்தேன்?"
"தெரியாது" என்றேன்.
என்னிடம் இருந்த ஒரே பதில் அதுதான்.
பிறகு அவர் இரண்டு வாரம் வரவில்லை.

இன்று மதியம் இரண்டு.
குப்பியைத் தூக்கி வானத்துக்கு எதிரே பிடிக்கிறேன்.
சிவப்பு என்று சொல்லவே முடியாத சிவப்பு.
புள்ளி மூன்று.
மறுபடி எடுத்துப் பார்த்தேன்.
புள்ளி மூன்றேதான்.
எழுதிவிட்டுச் சங்கிலியை மாட்டும்போது
பின்னால் செருப்புச் சத்தம்.

"எவ்வளவு?"
"புள்ளி மூன்று."

"ம்" என்றார் ஹ்ரோல்ஃபூர்.
துண்டை ஆணியில் மாட்டிவிட்டு
பக்கத்து வெந்நீரில் இறங்கினார்.
முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.
பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.