கையிருப்பில் தக்காளி எட்டு

சேவுகன் தெருவில் இறங்கிப்
பதினோரு மாதம் ஆகிறது.
கேட்பவர்களிடம் மலேசியாவில் இருக்கிறான் என்கிறோம்.
மலேசியா எங்கள் வீட்டில்
குளியலறைக்கும் அரிசிப் பீப்பாய்க்கும் நடுவில்
ஒரு பாய் அகலம்.

அங்கே உட்கார்ந்து
போனுக்குள் ஒருவனுக்கு வீடு கட்டியிருக்கிறான்.
பெயர் மாப்பிள்ளை.
மாப்பிள்ளைக்கு வேலை கிடையாது,
வயது என்னவென்று கேட்க வருகிறவர் கிடையாது,
வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் மண்.
எழுந்ததும் வாசலைத் திறந்துகொண்டு
வெளியே போகிறான்.
அதை மட்டும் நாலைந்து தடவை செய்ய வைப்பான் என் தம்பி.
திற, போ, வா. திற, போ.

பிறகுதான் தண்ணீர், களையெடுப்பு.
தக்காளி பழுத்தால் மேலே ஒரு பொறி மின்னும்.
கடைத் தக்காளியில் வைத்த சூப்
‘சாதாரணம்’ என்று வரும், காசும் கழியும்.
சொந்தத் தோட்டத்துப் பழம் என்றால் காசு போகாது,
‘அருமை’ என்று எழுத்து விழும்,
தின்றவன் தலைக்கு மேல் பச்சை விளக்கு எரியும்.
“பாத்தியாக்கா, கையிருப்பு எட்டு. எல்லாம் நம்ம மண்ணு.”

நான் லைங்தாயாவில் ஜாக்கெட்டுக்கு ஜிப் தைத்துவிட்டு
இரண்டு லைன்கார் மாறித் தாம்வே வந்து
ஐந்து மாடி ஏறினால்
பெரும்பாலும் இருட்டு.
கரண்ட் வருவது ராத்திரி ஒரு மணிக்கு.
அதுவரைக்கும் பதினேழு சதவீதத்தில்
விருந்து நடந்துகொண்டிருக்கும்.
எண்ணெய் என்ன விலை என்று சொல்ல மாட்டேன்,
சண்டை வரும்.

அந்த விளையாட்டில் புளிச்சக்கீரை இல்லை.
விதைக்கடை முழுக்கத் தேடிவிட்டான்.
ஊதாப் பூசணி இருக்கிறது, பேசுகிற செடி கூட இருக்கிறது.
அந்தக் கோபத்தில்தான்
பெயிண்ட் டப்பா அடியில் ஆணியால் ஓட்டை போட்டு
நிஜத்தில் விதைத்தது,
பால்கனியில், கொடித் துணிக்குப் பின்னால்.
தண்ணீர் விடுவது இரண்டு மணிக்கு மேல், தவழ்ந்தபடி.
மண் நான் கொண்டுவந்தது:
ஃபாக்டரி வேலியோரம் அள்ளி
டிஃபன் கேரியரில், நாளுக்கு மூன்று அடுக்கு.
சாலையில் துப்பாக்கியோடு நின்ற பையன்
திறந்து பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தான்.
அவனுக்கும் இருபத்திரண்டுதான் இருக்கும்.

மாப்பிள்ளை வீட்டுக் கதவை யாராவது தட்டினால்
கரண்டியைப் போட்டுவிட்டு ஓடித் திறக்கிறான்.
எங்கள் கதவைத் தட்டினால்
போன் அணையும். குளியலறைத் தாழ்ப்பாள் விழும்.

வியாழக்கிழமை தட்டினார்கள்.
கீழ்மாடி மா சூ, இடுப்பில் குழந்தை.
“ஒரு கைப்பிடி சின்பாங் தாயேன்,
கொஞ்சம் இறால் கிடைச்சிருக்கு.”
எந்தச் சின்பாங் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
“ராத்திரியெல்லாம் என் துணி மேல சொட்டுது.
ஆள் மலேசியா போன வீட்டில
கீரை நல்லாத்தான் வளருது.
நுனியைக் கிள்ளச் சொல்லு, இல்லாட்டி பூத்துடும்.”

சொல்லு என்றாள்.
யாரிடம் என்று அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

மிச்சக் கீரையை அன்றைக்கு அவனே சமைத்தான்,
கரியடுப்பில்,
பச்சை மிளகாய், சுண்டைக்காய் அளவு ஙப்பி.
ஒரு கூடை கீரை வதங்கி
ஒரு கரண்டி ஆகிவிட்டது.
போனில் இப்படிச் சுருங்காது என்று குறைப்பட்டான்.

நான் மெல்வதையே பார்த்துக்கொண்டிருந்தான்.
தலைக்கு மேலும் ஒரு தரம் பார்த்தான்.
உப்புப் போட மறந்திருந்தான்.
“சாதாரணம்” என்றேன்.

சரி என்று எழுந்து போய்
டப்பாவுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து
இருட்டில் தடவித் தடவி
நுனி கிள்ளினான். தண்ணீர் விட்டான்.
நான் எட்டிக் கீழே பார்த்தேன்.
மா சூவின் கொடியில்
துணி ஒன்றும் இல்லை.
முன்னமே எடுத்து வைத்திருக்கிறாள்.