மூன்றரை வோல்ற்

தாங்கியில் பாதிக்கும் கீழேதான் தண்ணீர்.
நிரம்பிவிட்டது, நிரம்பிவிட்டது என்று
இரவு இரண்டு மணிக்கு அலறுகிறது
நான் செய்த பெட்டி.

வெள்ளவத்தையில் கடலுக்குப் போகும் ஒழுங்கை, ஐந்து மாடி.
மோட்டரை நிறுத்த மறந்து
தண்ணீர் படிப்படியாய் இறங்கிவந்து
எல்லார் வாசலையும் நனைத்த சனிக்கிழமை
நான்தான் சொன்னேன்:
"ஆயிரம் ரூபாவுக்குள்ள ஒரு அலாரம் செய்யலாம்."
சொன்ன வாய்.

மூன்றாம் மாடி சுல்பிகாவின் கைக்குழந்தை
அதனோடு போட்டிபோட்டு அழுதது.
விஜேதுங்க மாத்தயா சாரத்தை இறுக்கியபடி வந்து
என் கதவைத் தட்டவில்லை.
தட்டாமல் நின்றார்.
அது இன்னும் மோசம்.

பகலில் கழற்றி மேசையில் வைத்தால்
பெட்டியில் ஒரு குறையும் இல்லை.
வைத்தியரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளைபோல
பச்சை விளக்கைக் காட்டிச் சிரிக்கிறது.

முதலில் ரயிலைச் சந்தேகித்தேன்.
அதிர்வில் எங்கோ ஓர் ஈயப்பற்று விடுகிறது,
ஒவ்வொரு காலாய் மறுபடி சூடாக்கினேன்.
இரண்டு மணிக்கு ரயிலே இல்லை என்பது
மறுநாள் அலுவலகத்தில்
யாருடையதோ விபத்துக் காப்புறுதிக் கோப்பின்
ஏழாம் பக்கத்தில் உறைத்தது.

பிறகு ஐசியை.
புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில்
"ஒறிஜினல் மெடம்" என்று நவ்ஷாட் எண்ணித் தந்த மூன்றையும்
மாற்றி மாற்றிப் போட்டேன்.
மூன்றும் ஒரே குரலில் அலறின.

வியாழன் இரவு
ஹவுஸ்கோட்டோடு, ரோச்சைப் பல்லில் கடித்தபடி
மொட்டைமாடிக்கு ஏறினேன்.
தாங்கியின் விளிம்பில், பிளாஸ்திக் துண்டொன்றில்
விரற்கடை இடைவெளியில் இரண்டு எவர்சில்வர் ஆணி.
தண்ணீர் இன்னும் மூன்றடி கீழே.
மீற்றரை வைத்தேன்.
மூன்றரை வோல்ற்.

ஆணிகளுக்கு நடுவே விரலால் தடவி
நாக்கில் வைத்தேன்.
எந்தக் கையேட்டிலும் இல்லாத சோதனை.

கடல்.

பகல் வெயிலில் ஒன்றுமறியாததாய்க் காய்ந்திருந்து
நடுச்சாமத்து ஈரத்தைக் குடித்து
மின்னுக்கு ஓர் ஒற்றையடிப் பாதை போட்டிருந்தது உப்பு.

ஆனால் அதை நம்பச் சொன்னது யார்?
உள்ளீட்டைத் தரையோடு கட்டியிருந்தேன்
மண்ணிறம் கறுப்பு பச்சை,
பத்து இலட்சம் ஓம்.
மிக மெல்லியதையும் உணரவேண்டும் என்ற ஆசையில்
நூலிலும் மெல்லிய கயிறு.
யார் ஊதினாலும் ஆடும்.

கரண்ட் பில்லின் முதுகில் கணக்குப் போட்டேன்.
மஞ்சள் ஊதா செம்மஞ்சள்.
நாற்பத்தேழாயிரம் போதும்.
பழைய தடையி சூட்டில் நெளிந்து கழன்றது.
விரல் நுனியில் சின்னதாய் ஒரு சுடு.

அதே உப்பு, அதே ஈரம்:
இப்போது அரை வோல்ற்.
கோப்பையில் தண்ணீர் மொண்டு ஆணிகளை முக்கினேன்.
மூன்றரை.

அதே எண்.
நேற்றுவரை பொய்க்கு வந்த எண்
இன்று உண்மைக்கு வருகிறது,
ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை.
மொட்டைமாடியில் குந்தியிருந்து
கோப்பையைத் தூக்குவதும் முக்குவதுமாய்
ஐந்தாறு தடவை பார்த்தேன்.

வெள்ளி இரவு சத்தமில்லை.
இரண்டு மணிக்கு நான்தான் விழித்துக் கிடந்தேன்,
செத்துவிட்டதோ என்று.

சனி காலை ஐந்தே முக்காலுக்கு
அலறியது.
சுல்பிகா வீட்டு ஜன்னல் அறைந்து மூடியது.
விஜேதுங்க மாத்தயா
யன்னமும் தெய்வமும் கலந்து ஏதோ சிங்களத்தில் முனகினார்.
கீழே, மோட்டர் சுவிச்சுக்கு ஒரு கை தூரத்தில்
காவலாளி குலசிறி
றேடியோவைக் கூட்டிவைத்தான்.

கதவைத் திறந்தேன்.
ஐந்தாம் மாடியிலிருந்து
ஒவ்வொரு படியாய், அவசரமில்லாமல்
தண்ணீர் இறங்கி வந்து
என் பெருவிரலைத் தொட்டது.

சரியாக வேலை செய்கிறது.