காய்ச்சலும் பாய்ச்சலும்

வியாழக்கிழமை அறுத்த ஓட்ஸ் புல்
வயலில் வரிவரியாய்க் கிடக்கிறது.
ஈரத்தோடு கட்டினால் கட்டுக்குள்ளேயே வெந்து தீப்பிடிக்கும்.
ஒருநாள் தள்ளினால் மழை கறுப்பாக்கிவிடும்.
இன்று ஞாயிறு, மணி இரண்டு.
கொர்ரடின் கோல்ஃப் மைதானத்தின் பதினாறாம் குழியில்,
ஒரு குழி பின்தங்கி,
ரோவெனா ட்ராஸ்க் காற்றை முகர்ந்து முடிக்கட்டும் என்று
நிற்கிறேன்.

அவள் மருந்துக்கடைக்காரி.
மாத்திரை எண்ணும் கை.
பந்தருகே குனிவாள், நிமிர்வாள்,
கையுறையைக் கழற்றுவாள், மாட்டுவாள்.
அதற்குள் இளஞ்சிவப்புக் காக்கட்டூ கூட்டமொன்று
உப்பேரி வரை போய்த் திரும்பிவிட்டது.
மேற்கே மேகம்.
அதற்கு முறை கிறை ஒன்றும் இல்லை.

இந்த ஊரில் குழியைச் சுற்றிப் பச்சைப் புல் கிடையாது.
அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது?
பழைய எஞ்சின் எண்ணெய் ஊற்றிப் பிசைந்த கறுப்பு மணல்தான்.
பந்தை உருட்டுமுன் இரும்புப் பட்டையை இழுத்து
ஒரு பாதை வழிக்க வேண்டும், பந்திலிருந்து குழிவரை.
வளைவில்லை, சரிவில்லை.
திசையை மணல் கொடுத்துவிடும்.
வேகம் மட்டும் உன் பாடு.

போன வருடம் இதே இறுதிப் போட்டியில்
இரண்டடிதானே என்று பட்டையைப் பாதிதான் இழுத்தேன்.
அரிசியளவு கல். பந்து தட்டி விலகியது.
ஈவன் வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை.
பூட்ஸைக் கழற்றும்போது சொன்னான்:
"வேலிக்கம்பியை இப்படி அரைகுறையாய் இழுக்கமாட்டாயே நீ."

அதனால் குளிர்காலம் முழுக்கப் பொறுமை பழகினேன்.
மூச்சை எண்ணினேன், இருமுறை ஓங்கிப் பார்த்தேன்,
மரத்தைப் பார், கொடியைப் பார் என்றெல்லாம்.
அந்தப் பொறுமையோடுதான் இன்று
முதல் ஐந்து குழிகளில் நான்கைத் தோற்றேன்.
யோசித்து அடித்த பந்தெல்லாம்
யோசனையின் கனத்தோடு புதரில் விழுந்தது.
என் கைக்கு யோசிக்கத் தெரியாது.
ஆட்டை மடக்கும் கை அது.
ஆடு திரும்புமுன் திரும்பியிருக்கும்.

ஆறாம் குழியில் கோபம் வந்தது.
எடுத்தேன், நின்றேன், அடித்தேன்.
மரங்களுக்கு மேலே போய்
கங்காரு படுத்த பள்ளத்தைத் தாண்டி விழுந்தது.
பிறகு மெல்ல நடந்தேன்.
அடிக்கும் நேரம் மூன்று மணித்துளி கூட இல்லை,
ஒரு நொடி.
மிச்சமெல்லாம் நடை.
பொறுமையை அங்கே கொட்டலாம்,
எவ்வளவு வேண்டுமானாலும் கொள்ளும்.

பதினேழில் சமன் செய்தேன்.
பதினெட்டில் பையில் கைபேசி அதிர்ந்தது.
ஈவன்: "திருகிப் பார்த்தேன். தாள் இன்னும் முறியவில்லை."
ஆறடி தூரம், இதை உருட்டினால் கோப்பை.
பட்டையை முழுதாக இழுத்தேன்,
ஒரு கல் இல்லை, ஒரு ஈயின் கால்தடம் இல்லை.
நேராகப் போனது பந்து.
நேராகவே போய்
குழியின் விளிம்பில், ஒரு விரல் முன்னே, நின்றது.
வேகம் மட்டும் என் பாடு.

யாரோ இருமினார்கள்.
முதல் குழிக்கே திரும்ப நடந்தோம்,
இனி யார் ஒரு குழி வெல்கிறாரோ அவர்.
வழியில் மறுபடி அதிர்ந்தது:
"முறிகிறது. வருகிறாயா?"
"ஒரு குழி" என்று எழுதினேன்.
பொய்யாகவும் இருக்கலாம்.

ரோவெனா குனிந்தாள், நிமிர்ந்தாள்.
கையுறையைக் கழற்றினாள்.
என் சட்டைமேல் ஒரு துளி விழுந்தது,
அல்லது பறவை.
நிமிர்ந்து பார்க்கவில்லை.
காலடியில் ஒரு காட்டுப்புல்லைப் பறித்துத்
திருகினேன்.
வளைந்தது.

அவள் கையுறையை மாட்டினாள், அடித்தாள்.
அழகான அடி.

இனி நான்.