ரசிகர்களின் நலன் கருதி

உப்பளம் மைதானத்துக் கிழக்கு கேட்டில்
இரண்டு தாள்கள் ஒட்டியிருக்கின்றன.
ஒன்று அணி உரிமையாளர்கள் சங்கம்.
இன்னொன்று ஹாக்கி வீரர்கள் சங்கம்.
இரண்டும் ஒரே வரியில் தொடங்குகின்றன:
ரசிகர்களின் நலன் கருதி.

ஐப்பசி மழையில் பசை ஊறி
ஒன்றன் மேல் ஒன்று சரிந்து
யார் கையெழுத்து யார் தாளில் என்று
இப்போது தெரியவில்லை.
ஓர் ஆடு இரண்டையும் தின்றுகொண்டிருந்தது.
இந்த விவகாரத்தில் நான் பார்த்த
நடுநிலையான ஒரே ஆள்.

நாற்பத்தொன்றாம் நாள்.
நாங்கள் இன்னும் ஞாயிறு நாலு மணிக்கு
வந்து நிற்கிறோம்.
சாராயக்கடைக் கணக்கர் அமிர்தகடேசன்,
டிரம்மை உரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவரும் தனிகாசலம்,
மூன்று மாதக் குழந்தைக்கு
அணியின் நீலத்தில் சட்டை தைத்துப் போட்ட லூர்துமேரி.
பேச ஒன்றுமில்லை.
பூட்டை இழுத்துப் பார்ப்பது மட்டும்
வாரம் ஒருவர் முறை.
என் முறை வந்தபோது
இரண்டு தரம் இழுத்தேன்.

எனக்குக் கோபம் கொஞ்சம் கூடுதல்.
சீட்டுப் பணத்தை முன்னாடியே எடுத்து
வாங்கிய சீசன் டிக்கெட், ஆயிரத்து எண்ணூறு,
நாலு ஆட்டம்தான் கிழிந்திருக்கிறது.
அது போக,
வாணரப்பேட்டை முனை மருந்துக்கடையில்
கல்லாவில் உட்காருகிறவள் நான்.
வலி ஸ்பிரே, கிரேப் பேண்டேஜ், முழங்கால் உறை என
பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது
அணியின் பெயரில் கடன் நோட்டில் நிற்கிறது.
முதலாளி அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டி
‘உன் டீம்’ என்கிறார்.
ஜெயித்த அன்று அவருக்கும் அது ‘நம்ம டீம்’.

போன செவ்வாய் கோல்கீப்பர் சின்னப்பராஜ் வந்தான்.
ஐந்து மாதச் சம்பளம் வரவில்லையாம்.
இடுப்பு வலிக்குப் பத்து மாத்திரை கேட்டான்,
விலை கேட்டான்,
நாலு போதும் என்றான்.
அட்டையில் நாலை வெட்டிக் கொடுத்தேன்.
‘ஆடித் தொலைங்களேன்டா’ என்று
நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.
அன்று சாயங்காலமே கேப்டன் டிவியில்
‘நாங்களும் உங்களைப் போலத்தான்’ என்றார்,
பின்னால் அவருடைய புதுக் கார்.
விழுங்கியது மேலே வந்துவிட்டது.

உரிமையாளருக்குக் கல்லூரி இரண்டு,
பாட்டில் தொழிற்சாலை ஒன்று.
நஷ்டம் என்கிறார்.
அந்தச் சொல்லை
அவ்வளவு நிதானமாகச் சொல்ல
நிறையப் பணம் வேண்டும்.

இந்த ஊருக்குக் கதவடைப்பு புதிதில்லை.
மில்லில் பூட்டு தொங்கினால்
எந்தப் பக்கம் நிற்பது என்று
எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததே கிடையாது.
ஆனால் நூலுக்காக
யாரும் தொண்டை கிழியக் கத்தியதும் கிடையாது.

ஒரு புதன் ராத்திரி போனில் வந்தது:
உடன்பாடு, கைகுலுக்கல், சால்வை.
எவ்வளவுக்கு என்று எழுதவில்லை.
பாக்கியில் நாற்பது சதவீதம் என்றான் தனிகாசலம்.
அறுபது என்றார் அமிர்தகடேசன்.
கடை பாக்கியைப் பற்றிப் பேச்சே இல்லை.
ஞாயிறு ஆட்டம், நுழைவு இலவசம்,
காரணம் கேட்காமலே தெரியும்:
எங்கள் நலன்.

போவதில்லை என்று முடிவு செய்தேன்.
விடுப்பை ரத்து செய்து கல்லாவில் உட்கார்ந்தேன்.
நாலு மணிக்கு விசில் கேட்டது.
ஃப்ரிட்ஜைத் திறந்து
இன்சுலின் பெட்டிகளை எண்ணினேன்.
மறுபடி எண்ணினேன்.

நாலே காலுக்கு அந்தச் சத்தம்.
ஏறி, உடையாமல், நடுவானில் நிற்கிற சத்தம்.
டிரம்மில் மூன்று தட்டு. நிறுத்தம்.
பெனால்டி கார்னர்.
நமக்கா அவர்களுக்கா தெரியாது.
என் கை தலைக்கு மேலே போயிருந்தது,
விரலிடுக்கில் யாருடைய மருந்துச் சீட்டோ.

எரிச்சலாக வந்தது.

‘அம்மா, சில்லறை’ என்றார் எதிரில் நின்றவர்.
‘இருங்க’ என்றேன்.

அவரும் இருந்தார்,
காதை உப்பளம் பக்கம் திருப்பிக்கொண்டு.