பெற்றுக்கொண்டதற்கான விளக்கு

லிப்டுக்குப் பக்கத்தில் சிவப்புப் பெட்டி.
தரையிலிருந்து ஆயிரத்து இருநூறு மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது.
டேப்பை இழுத்தேன். ஆயிரத்து நூற்றெண்பது.
சக்கர நாற்காலிக்கு எட்டும்.

அழுத்தினால் கீழே காவலறையில் மணி அடிக்க வேண்டும்.
அங்கே எடுத்ததும்
இங்கே ஒரு பச்சை விளக்கு:
உன் அழைப்பு வந்து சேர்ந்தது என்று,
காது கேளாதவருக்கும் தெரியும்படி.
விதியில் அப்படித்தான் இருக்கிறது.

ஒன்றாம் மாடி சரி. இரண்டு, மூன்று, நான்கு.
ஒவ்வொரு தடவையும் தில் பகதூர்,
"அண்ணே, சாப்ட்டாச்சா?"
காட்மாண்டுக்காரன் பேசும் பீடோங் தமிழ்.

ஐந்தாம் மாடி ஜன்னலுக்கு வெளியே
மிச்சச் செம்பனை, இன்னும் இடிக்காத இரண்டு லயம்.
வீடு கேட்டு அங்கிருந்து போன மனுக்களில்
அக்கா டைப் அடித்தவை மட்டும் பதினொன்று.
இருபத்தாறு வருஷம்.
யாராவது எடுத்தார்களா என்று
எந்த விளக்கும் எரிந்ததில்லை.

அழுத்தினேன்.
"கேக்குது அண்ணே, நல்லா கேக்குது."
விளக்கு இல்லை.
தட்டிப் பார்த்தேன். இல்லை.

நாளைக் காலை பொம்பா அதிகாரி வருகிறார்.
தவுக்கே போனில் சொல்கிறார்:
சத்தம் வருதுல்ல? டிக் போட்டுட்டு இறங்கு.

பேனா மூடியைப் பல்லால் கழற்றி எழுதினேன்:
ஐந்தாம் மாடி லிப்ட் முகப்பு.
குரல் போகிறது.
போய்ச் சேர்ந்தது தெரியவில்லை.
தேறவில்லை.