ஓதக் கோடு

படிவத்தில் பதினோராவது கேள்வி:
கட்டுமானத்தின் நோக்கம்.
'வசிக்க' என்று எழுதினார் கலந்தர்,
உச்சிப்புளியில் பிளான் போடுகிறவர்.
நான் மறுத்துப் பேசவில்லை.
மகனும் மருமகளும் டிவிக்கு அடியில் படுப்பதை,
அவர்கள் கால்மாட்டில் நான் படுப்பதை,
இருமல் இல்லாத இரவிலும்
இருமிக்கொண்டே எழுந்து கொல்லைக்குப் போவதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மாடியில் ஓர் அறை. பத்துக்குப் பன்னிரண்டு.
ஒரு கதவு. தாழ்ப்பாள் உள்பக்கம்.
அவ்வளவுதான் கேட்டேன்.

பட்டா கொடுத்தேன்.
வில்லங்கம் இல்லை என்று சொல்லும் வில்லங்கச் சான்று
வந்துசேர ஒரு மாதம்.
வரி ரசீதில் 'ஞானசெல்வம்' என்று இருக்கிறதே,
அது ஆணா பெண்ணா என்று ஒரு விசாரணை.
பாம்பனுக்கும் ராமநாதபுரத்துக்கும் ஏழு நடை.
பஸ் பாலத்தில் ஏறியதும் ஃபைலை
மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொள்வேன்.
கச்சான் காற்றுக்குக் கையெழுத்தின் அருமை தெரியாது.
கருவாட்டு வாசம் என்று
பக்கத்து சீட்காரர் எழுந்துபோனால்
ஃபைலுக்கும் ஒரு சீட்.

ஏழாவது நடையில் சொன்னார்கள்,
கடலிலிருந்து எத்தனை மீட்டர் என்று பார்க்கணும்.

நீலமேகம் சார் வந்தார்.
ஷூவைக் கழற்றி ஒரு வள்ளத்தின் மேல் வைத்தார்.
டேப்பின் பூஜ்யத்தை என் கையில் தந்து
"ஓதம் ஏறி நிக்கிற இடத்துல பிடிங்கம்மா" என்றார்.

எந்த ஓதம் சார்?
பௌர்ணமிக்கு இந்தத் தென்னை வரை வரும்.
அட்டமிக்கு அங்கேயே சோம்பிக் கிடக்கும்.
வாடை அடித்தால் அந்தோணியார் குருசடியில்
மூன்றாம் படியில் உட்கார்ந்துவிட்டுப் போகும்.

அவர் மேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
அதில் ஒரு சிவப்புக் கோடு,
ஸ்கேல் வைத்து மூச்சடக்கி இழுத்தது.
அலையே படாத கோடு.

முழங்கால் தண்ணீரில் நின்றேன்.
கடல் டேப்பை இழுத்தது, நானும் விடவில்லை.
முப்பது மீட்டருக்கு ஒரு கல்.
ஆறு கல் வைத்து, ஏழாவதுக்குள் என் வாசல்.
"நூத்தித் தொண்ணூத்தி நாலு" என்றார்,
சாவுச் செய்தி சொல்கிற குரலில்.
"இருநூறுக்கு ஆறு மீட்டர் குறையுது."

ஆறு மீட்டர்.
ஒரு சேலையும் ஒரு முழமும்.
யாரை நகரச் சொல்வது,
வீட்டையா?

அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார், மெதுவாக,
யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.
பரம்பரையாய்க் கடல் தொழில் செய்கிறவர்களுக்கு
விதியில் ஒரு சந்து இருக்கிறதாம்.
மீன்துறையில் ஒரு சான்று வாங்கினால் போதும்,
நான் மீன்காரி என்று.

பஸ்ஸில் யாருமே கேட்காத சான்று.

வாங்கினேன். இரண்டு போட்டோ, ஒரு முத்திரை.
மார்கழியில் அனுமதி வந்தது, பச்சை மையில்,
மழைநீர்த் தொட்டி கட்டாயம் என்ற நிபந்தனையோடு.
கலந்தர் பிளானை விரித்து வைத்துக்கொண்டு
தலையைச் சொறிந்தார்.
வசிப்போர்: மூன்று பேர் என்று போட்டிருக்கிறதே,
திருத்திவிடலாமா?

பிரிசில்டா ஏழு மாத வயிற்றோடு
அவருக்கு டீ கொண்டுவந்தாள்.

தொடாதீர்கள் என்றேன்.
ஒரு எழுத்தை மாற்றினால் மறுபடியும் ஏழு நடை.
எந்த அனுமதியும் இல்லாமல்
எப்போது இது நடந்தது என்று எனக்குத் தெரியாது.
கொல்லையில் நின்று
போதுமான அளவு இருமியிருக்கிறேன் போல.